பங்கோர்த் தீவில் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற கல்

பங்கோர்த் தீவு என்றதும் நம் நாட்டில் பள்ளிக்கூடம் சென்ற எவருக்கும் ஓர் ஆண்டு நினைவுக்கு வரும். அது 1874. அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாள், ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க்கும் பேராக் ராஜா அப்துல்லாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகப் பேராக்கிற்கு ஆங்கிலேய ரெசிடெண்ட் வந்து சேர்ந்தார். இந்த ஒரு செய்தியை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவன் நான். ஆயினும் அத்தீவில் கால் வைத்தவன் அல்லன். சென்ற பள்ளி விடுமுறையில்தான் அந்தக் குறை தீர்ந்தது.

லூமுட் படகுத்துறையிலிருந்து விசைப்படகு ஏறிச் சென்றோம். உடன் வந்தவர்கள் என் துணைவியாரும், ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பேரனும். துணைவியாருக்குச் சுங்கை பினாங் கெச்சில் என்னுமிடத்தில் கடலைப் பார்த்து வீற்றிருக்கும் பத்திரகாளியம்மனை வணங்கவேண்டும். பேரனுக்குக் கடலில் குளிக்கவேண்டும். எனக்கோ உடன்படிக்கை நிகழ்ந்த இடத்தைக் காணவேண்டும். அவ்வுடன்படிக்கை கரையில் நிகழ்ந்ததன்று, ‘புளூட்டோ’ என்னும் கப்பலில் கையெழுத்தானது என்பதை நானே பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்தும் ஒரு தூணாவது பலகையாவது இருக்கும் என்று நம்பிப் புறப்பட்டேன். ஆசிரியர்களுக்குத் தாம் கற்பிப்பதையே மறந்துபோகும் வரம் உண்டு.

அம்மனை வணங்கிவிட்டு வெளியே வந்து, அத்தீவில் வாடகை வண்டியாக ஓடும் இளஞ்சிவப்பு வேன் ஒன்றில் ஏறினோம். நான் தேடியதை ஓட்டுநரான மலாய்ப் பெரியவரிடம் விளக்கினேன். அவர் சற்று நேரம் யோசித்து, “அப்படி ஒன்றும் எனக்குத் தெரியாது, சிக்கு. ஆனால் பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. கோத்தா பெலாண்டா. போகலாமா?” என்றார்.

பெலாண்டா என்பது ஒல்லாந்தரைக் குறிக்கும் மலாய்ச் சொல். நாம் டச்சுக்காரர் என்கிறோமே, அவர்கள்தாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒல்லாந்தர் என்றால் மலாக்கா. 1641இல் போர்ச்சுகீசியரிடமிருந்து அதைக் கைப்பற்றினர். 1824இல் ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டனர். இதுதான் நான் கற்பித்த பாடம். பேராக்கில், அதுவும் மீனும் நெத்திலிக் கருவாடும் விற்கும் இந்தச் சிறு தீவில், அவர்களுக்கு என்ன வேலை?

வண்டி பங்கோர்ப் பட்டினத்தைத் தாண்டித் தெற்கே சென்று தெலுக் கெடுங் என்னும் சிற்றூரில் நின்றது. வீடுகளுக்கிடையே புல்வெளி, அதன் நடுவே கூரையற்ற செங்கற்சுவர்கள். நான்கு பக்கமும் நடந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். மலாக்காவின் கோட்டை வாயிலைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பெரிய வீடு இடிந்து கிடப்பதுபோலத் தோன்றும். இப்போது நாம் காண்பதுங்கூட, இடிந்து கிடந்ததை 1973இல் அரும்பொருட் காட்சியகத்தார் எடுத்துக் கட்டிச் செப்பனிட்டதாகும்.

இக்கோட்டையின் கதை ஈயத்தின் கதை. பேராக்கின் ஆற்றுமணலில் கிடைத்த வெள்ளீயத்தை மரத்தட்டில் இட்டு அலசி எடுத்து, கரியிட்டு உருக்கி, கட்டிகளாக வார்த்து ஆற்றுவழியே கடலுக்குக் கொண்டுவந்தனர். (வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு; மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.) இந்த ஈயம் முழுவதையும் தாமே, தாம் குறித்த விலைக்கே வாங்கவேண்டும் என்பது ஒல்லாந்தர் கும்பனியின் திட்டம். விற்பவர்க்கு இது எப்படி உவப்பாகும்? 1651இல் பேராக்கிலிருந்த ஒல்லாந்தரின் பண்டகசாலை தாக்கப்பட்டது; அங்கிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். உள்நாட்டில் இருப்பது ஆபத்து என்று கண்ட கும்பனி, பேராக் ஆற்றுமுகத்துக்கு வடக்கே கடற்பாதையைக் கண்காணிக்கத்தக்க இத்தீவில் 1670இல் ஒரு கோட்டையை அமைத்தது. முதலில் மரத்தாலும் பின்னர்ச் செங்கல்லாலும் அது கட்டப்பட்டது. ஈயத்தைச் சேர்த்துவைக்கும் கிடங்கும் அதுவே.

கிடங்கு என்ற சொல்லை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவ்வூரின் பெயர் தெலுக் கெடுங். தெலுக் என்றால் விரிகுடா. கெடுங் என்றால் பெருங்கட்டடம், சரக்குக் கிடங்கு. இந்தக் கெடுங் என்னும் மலாய்ச் சொல்லும் அதன் உடன்பிறப்பான குடாங் என்பதும் நம் ‘கிடங்கு’ என்னும் சொல்லிலிருந்தோ அதன் தெலுங்கு வடிவத்திலிருந்தோ வந்தவை என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. ஆங்கிலேயர் அதையே ‘கோடவுன்’ ஆக்கினர். நாம் அதைத் திரும்பப் பெற்று ‘குடோன்’ என்கிறோம். வீட்டைவிட்டுப் போன பிள்ளை வேற்றுடையில் திரும்பிவந்து கதவைத் தட்ட, பெற்றவளுக்கு அடையாளம் தெரியாமற் போனதுபோல! கப்பல், கடை, பெட்டி, கட்டில் ஆகியவை மலாயில் காப்பால், கெடாய், பெத்தி, காத்தில் என வழங்குவதை நாம் வகுப்பில் சொல்வதுண்டு. இனி ஒரு சிற்றூரின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.

இச்சொற்கள் இங்கு வந்தது வெறுங்காற்றில் அன்று. சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்கு இத்தீவுகளெங்கும் பெருந்தேவை இருந்தது. துணியைக் கொடுத்து ஈயத்தையும் மிளகையும் வாங்கிச் சென்றவர்களுள் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர் முதன்மையானவர்கள். ஒல்லாந்தரும் பழவேற்காட்டிலும் 1658 முதல் நாகப்பட்டினத்திலும் அமர்ந்து அதே துணியை வாங்கினர். அங்கே துணி, இங்கே ஈயம், நடுவே பிறர் கப்பல் புகாமல் காவல். பங்கோர்க் கோட்டையின் பீரங்கிகள் கடலை நோக்கி நின்றபோது, அவை தடுக்க நினைத்த கலங்களில் நம்மவர் கலங்களும் இருந்தன என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அக்காலக் கோட்டை எப்படி இருந்தது என்பதை அறிய நமக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. உலகை மும்முறை சுற்றிவந்த வில்லியம் டேம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1689இல் இவ்வழி வந்தார். தாம் கண்டதை 1699இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதிவைத்தார். கோட்டை நான்கு சுவர்கொண்ட வீடு போன்றது, கொத்தளம் எதுவும் இல்லை, சுவர் ஏறக்குறைய 30 அடி உயரம், மேலே கூரை, பன்னிரண்டு பதினான்கு பீரங்கிகள், இருபது முப்பது வீரர்கள் என்று அவர் கணக்குக் கொடுக்கிறார். அதைவிடச் சுவையானது அவர் சொல்லும் விருந்துக் கதை.

கோட்டைத் தலைவர் பகற்பொழுதில் கடற்கரையை ஒட்டிய தம் வீட்டில் இருப்பார். இரவில் கோட்டைக்குள் போய்விடுவார். டேம்பியர் வந்த கப்பலின் தலைவரையும், உடன் வந்த ஓர் ஆங்கிலேயரையும் அவர் மனைவியையும் இவர் விருந்துக்கு அழைத்தார். வெள்ளித் தட்டுகளில் உணவு, வெள்ளிக் கிண்ணத்தில் மது. எல்லாரும் உட்கார்ந்து உண்ணத் தொடங்கும் வேளையில் வெளியிலிருந்து ஒரு வீரன், மலாய்க்காரர் வருகின்றனர் என்று கூவினான். கோட்டைத் தலைவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்தார், சன்னல் வழியே குதித்தார், கோட்டையை நோக்கி ஓடினார். அதிகாரிகள், பணியாட்கள் அனைவரும் சன்னல் வழியும் கதவு வழியுமாக அவர் பின்னே ஓடினர். விருந்தினர் மூவரும் ஒன்றும் புரியாமல் மேசைமுன் விடப்பட்டு, பிறகு தாமும் ஓடிச் சேர்ந்தனர். கதவு அடைக்கப்பட்டது, பீரங்கி முழங்கியது. விசாரித்தபோது, ஆயுதந்தாங்கிய ஆட்கள் நிறைந்த மலாய்ப் படகு ஒன்று தீவின் ஓரம் பதுங்கி வந்ததே காரணம் என்று தெரிந்தது.

இதைப் படிப்பவர்கள் நகைப்பார்கள். நானும் நகைத்தேன். ஆனால் அடுத்த ஆண்டே, 1690இல், பங்ளிமா கூலூப் என்பார் தலைமையில் மலாய்க்காரர்கள் கோட்டையைத் தாக்கி அழித்தனர். ஒல்லாந்தர் பலர் மாண்டனர். விருந்தினரை விட்டுச் சன்னல் வழியே குதித்த அந்த மனிதர் தம் நிலைமையை நன்றாகவே அறிந்திருந்தார். உள்ளூராரின் பொருளை உள்ளூரார் விரும்பாத விலைக்கு வாங்குவதற்காக வந்தவர், கோட்டையைவிட்டு நூறு அடி நடக்கவும் அஞ்சி வாழவேண்டியதாயிற்று.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே யாரும் திரும்பவில்லை. 1743இல் கோட்டையை மறுபடி கட்டி 60 பேர்கொண்ட காவற்படையை வைத்தனர். 1748இல் பேராக் ஆற்றோரம் வேறு கோட்டை கிடைத்ததும் இதைக் கைவிட்டனர். காடு மூடிற்று.

கோட்டையைப் பார்த்து முடித்தோம் என்று வண்டியை நோக்கி நடந்தபோதுதான், “கல்லைப் பார்க்கவில்லையா?” என்று ஓட்டுநர் கேட்டார். சாலையோடு சிறிது தூரம் சென்றால் கடலோரம் ஒரு பெரும்பாறை. நீளம் ஏறக்குறைய 35 அடி, உயரம் 14 அடி. மேலே கூரையிட்டுப் பாதுகாத்திருக்கின்றனர். உள்ளூரார் அதைப் பத்து பெர்சூரத், அதாவது எழுத்துள்ள கல் என்பர். புலிக்கல் என்றும் சொல்வதுண்டு.

கல்லின் முகத்தில் உருவங்கள் வெட்டப்பட்டுள்ளன. என் பேரன்தான் முதலில் எழுத்துகளைக் கூட்டிப் படித்தான். பெரிய ‘வி’, அதன் இடக்காலில் ‘ஓ’, வலக்காலில் ‘சி’. “வி.ஓ.சி.! தாத்தா, நம்ம கப்பலோட்டிய தமிழன் பேரு! யார் எழுதினாங்க?” என்று கத்தினான். சென்ற ஆண்டு பள்ளி விழாவில் அவன் வ.உ.சிதம்பரனாராக நடித்தவன், செக்கும் இழுத்தவன். மீசை ஒட்டிய படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அவனைக் குறை சொல்ல முடியவில்லை. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பற் கம்பெனி 1906இல் தூத்துக்குடியில் தோன்றியது. இந்த வி.ஓ.சி. 1602இல் தோன்றியது: ஐக்கியக் கிழக்கிந்தியக் கும்பனி என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொற்களின் முதலெழுத்துகள். இரண்டும் கப்பல் விட்டவைதாம். ஆனால் இந்தக் கும்பனி பிறர் கப்பலை ஓடவிடாமல் தடுக்க வந்தது. நம் சிதம்பரனார் அப்படித் தடுத்த ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டு, 1908இல் சிறை புகுந்தார். கல்லின் நிழலில் உட்கார்ந்து இதைப் பேரனுக்கு விளக்கினேன். அவனுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

எழுத்துக்குறியோடு 1743 என்னும் ஆண்டும், ஆள்பெயர் போன்ற சில எழுத்துகளும், ஒரு விலங்கின் உருவமும் உள்ளன. அவ்விலங்கு புலி, அது கவ்வியிருப்பது ஒரு குழந்தை என்பது ஊரார் கூறுவது. கோட்டையில் இருந்த ஒல்லாந்தப் பெரியவர் ஒருவரின் குழந்தை இக்கல்லருகே விளையாடிக்கொண்டிருந்தபோது காணாமற் போயிற்றாம். புலி தூக்கிச் சென்றதென்று முடிவு செய்து, அதன் நினைவாக வீரர்கள் இப்படத்தை வெட்டினராம். வேறொரு கதையும் உண்டு. குழந்தையைக் கொண்டுசென்றது புலியன்று. ஒல்லாந்தரின் கொடுமைக்குப் பழிவாங்க மலாய்க்காரரே தூக்கிச் சென்றனர் என்பது அது.

“அந்தப் பிள்ளையைப் புலி தின்னுடுச்சா தாத்தா?” என்றான் பேரன்.

இங்கேதான் ஆசிரியன் திகைக்கிறான். ‘ஆம்’ என்றால் கதை நன்றாக இருக்கும். பிள்ளை இரவெல்லாம் அதை நினைப்பான். 1743ஐ ஒருநாளும் மறக்கமாட்டான். ஆனால் கல் அப்படிச் சொல்லவில்லை. கல் சொல்வன மூன்றே: கும்பனியின் குறி, ஓர் ஆண்டு, ஓர் உருவம். அவ்வாண்டு கோட்டைக்குப் படை திரும்பிய ஆண்டு என்பது ஏடுகளோடு பொருந்துகிறது. குழந்தை என்பதும் இழப்பு என்பதும் ஊரார் வாய்மொழி. புலி கடல் தாண்டித் தீவுக்கு வருமா என்று ஐயுறவேண்டாம். ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து சிங்கப்பூருக்குப் புலிகள் வந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிருக்கின்றனர். டிண்டிங் நீரிணையும் அகன்றதன்று. ஆகையால் நடந்திருக்கக்கூடாத கதை என்று தள்ளவும் இயலாது.

எனக்கு வேறோர் எண்ணம் தோன்றிற்று. கும்பனி 1726 முதல் அச்சிட்ட செப்புக்காசின் ஒருபுறம் இதே எழுத்துக்குறியும் அதன்கீழ் ஆண்டும் இருக்கும். அக்காசின் பெயர் ‘டொய்ட்’. மலாய்க்காரர் பணத்தை டுயிட் என்பதும், நாம் கையில் துட்டு இல்லை என்பதும் அதிலிருந்து வந்தவையே. தமிழ்ப் பேரகராதியும் துட்டை ஒல்லாந்தச் சொல்லென்றே குறிக்கிறது. (அவர்கள் நமக்குத் தந்த இன்னொரு சொல் கக்கூசு. வகுப்பில் இதைச் சொன்னால் அன்று பாடம் நடக்காது.) காவல் வேலையில் பொழுது போகாத ஒரு வீரன், தன் பையிலிருந்த துட்டைப் பார்த்துக் குறியையும் ஆண்டையும் கல்லில் வெட்டியிருப்பான் என்று நினைக்கிறேன். ஒல்லாந்தக் குடியரசின் சின்னத்தில் வாளும் அம்புக்கட்டும் ஏந்திய சிங்கம் உண்டு. பயிலாத கை வெட்டிய சிங்கம் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து புலியாகி, அதன் கையிலிருந்தது குழந்தையாகத் தெரிகிறதோ என்பது என் ஐயம். ஐயந்தான், முடிபன்று. சிங்கத்தைக் கண்ணாற் காணாத ஊரார் அதைப் புலி என்று படித்திருந்தால் அது இயல்பே. நாம் மட்டும் என்ன செய்தோம்? வி.ஓ.சி.யைச் சிதம்பரனார் என்று படித்தோம் அல்லவா!

பேரனிடம், “கல்லில் ஒரு விலங்கு இருக்கிறது. ஊரார் ஒரு கதை சொல்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாக உன் ஏட்டில் எழுதிக்கொள்” என்றேன். அவன் படம் வரைந்தான். அது பூனைபோல் வந்தது.

மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். கல்மீது தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்க விடவேண்டாம். வெட்டு ஆழமில்லாதது, ஒவ்வொரு தேய்ப்பும் அதைக் குறைக்கும். காலையிலோ மாலையிலோ வெயில் சாயும்போது பார்த்தால், நிழல் விழுந்து எழுத்து தானே எடுப்பாகத் தெரியும்.

இனி நான் எழுதத் தயங்கியதையும் எழுதிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்தர் பாடம் நடத்தியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து, “ஐயா, எங்க பாட்டி ஊர்லயும் ஒல்லாந்தர் கோட்டை இருக்கு. புலி போட்ட கல்லும் இருக்கு” என்றாள். பாட்டி ஊர் எது என்று கேட்டேன். பங்கோர் என்றாள். “மலாக்காவுக்குப் போனதைப் பங்கோர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், பங்கோர் என்றால் 1874, உட்கார்” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுதும் வரலாற்றுப் பாடத்தில் அவள் வேறொன்றும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தெலுக் கெடுங் புல்வெளியில், கூரையற்ற அந்தச் சுவரைக் கண்ட முதற்கணமே அவள் முகந்தான் எனக்கு முன்னே நின்றது. இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வேறொரு மாநிலத்தில் இருக்கிறாள். பழைய மாணவர்கள் சிலரைக் கேட்டு எண்ணைப் பெற்று, கோட்டையின் படத்தையும் கல்லின் படத்தையும் புலனம் வழியே அனுப்பி, ‘நீ சொன்னது சரி, அம்மா. நான் சொன்னது தவறு’ என்று எழுதினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. பழைய பேச்சைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ‘சுங்கை பினாங் கெச்சில் கோயிலுக்குப் போனீங்களா ஐயா? கோயிலுக்குப் பின்னால் ரெண்டாவது வீடு, பச்சைக் கதவு, அதான் பாட்டி வீடு. இப்ப மாமா இருக்கார். பார்த்தீங்களா?’ என்று கேட்டிருந்தாள்.

கோயிலின் முன்புறம் கடலைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பின்புறம் போய்ப் பார்க்கவில்லை.